வலிக்காத காது

மாரிச்செல்வத்துக்குக் காது வலிக்கவே இல்லை. அன்று காலை ஆறு மணிக்கு மட்டாஞ்சேரி வீட்டில் எழுந்தபோதும் வலிக்கவில்லை, எட்டு மணிக்கு விமானத்தளத்தின் வாசலில் அடையாள அட்டையைக் காட்டியபோதும் வலிக்கவில்லை. எட்டரைக்குத் தன் மேலதிகாரி சங்கர்ராம் சாரின் முன்னால் போய் நின்று, "சாரே, வலது காது வலிக்குது. ராத்திரி முழுக்க உறங்கலை" என்று சொன்னான். அந்த வார்த்தைகள் தன் வாயிலிருந்துதான் வருகின்றன என்பதில் அவனுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

அவனுக்கு நாற்பத்தேழு வயது. அவனுடைய அப்பா உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு மூட்டை தூக்கியவர். மாரி பிறந்ததும் படித்ததும் இங்கேதான். பள்ளியில் மலையாளம், தமிழ் பேச வரும், எழுத வராது. கடற்படையில் சேர்ந்து இருபத்திரண்டு வருடம் ஹெலிகாப்டரின் பக்கவாட்டுக் கதவோரம் மண்டியிட்டு விஞ்ச் இயக்கினான். கம்பிவடத்தைக் கீழே இறக்கி, கடலில் தத்தளிப்பவர்களை மேலே தூக்கும் வேலை. ஓய்வு பெற்று வந்ததும், களமசேரியில் இருந்த ஒரு கம்பெனி அவனை அதே வேலைக்கு எடுத்துக்கொண்டது.

அந்தக் கம்பெனி ராணுவத்துக்காகப் பழைய ஹெலிகாப்டர் ஒன்றை மாற்றி அமைத்துக்கொண்டிருந்தது. விமானி இருந்தால் விமானி ஓட்டலாம், இல்லாவிட்டால் அது தானாகவே பறக்கும். குண்டு விழுகிற இடத்துக்கோ, பனிமூட்டத்துக்குள்ளோ விமானியை அனுப்ப மனம் வராதபோது முன்னிருக்கைகளைக் காலியாக விட்டு அனுப்பலாம். இன்னும் பத்து வருடத்தில் பாதி ஹெலிகாப்டர்கள் இப்படித்தான் இருக்கும் என்பார் சங்கர்ராம். அவர்தான் கம்பெனியின் தலைமை விமானி. பாலக்காட்டுக்காரர், மாரியோடு கடற்படையிலேயே பறந்தவர்.

சங்கர்ராம் முன்னிருக்கையில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, இயந்திரத்தையே ஓட்ட விட்ட சோதனைகள் பதினொன்று நடந்திருந்தன. பதினொன்றிலும் மாரி பின்னால் இருந்தான். பயம் என்று ஒன்று அவனுக்கு வந்ததே இல்லை. அவர் கை வைக்காவிட்டாலும் அங்கே ஒரு மனிதக் கழுத்து தெரிந்தது. அந்த மனிதருக்கும் சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

பயம் வந்தது முந்தின வாரம். தரையில் இன்ஜினை ஓட்டிப் பார்த்தார்கள். சங்கர்ராம் நூறு கஜம் தள்ளி ஒரு கன்டெய்னர் அறைக்குள் திரை முன்னால் இருந்தார். மாரி பின்னால் தனியாக இருந்தான். முன்னிருக்கைகளில் ஆள் இல்லை. காற்றில் அடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகப் பெல்ட்டுகளை மட்டும் இருக்கையோடு சேர்த்து இறுக்கிப் பூட்டியிருந்தார்கள். இல்லாத இரண்டு பேரைக் கட்டிவைத்தது போல இருந்தது. நடுவில் இருந்த கட்டுப்பாட்டுத் தண்டு மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது, நின்றது, தானாக நிமிர்ந்தது. மாரிக்கு உள்ளங்கை ஈரமாகிவிட்டது. வழக்கப்படி அவன் "பின்னால் ரெடி" என்றான். யாரும் பதில் சொல்லவில்லை. ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

அதற்கு மறுநாள் ஒரு படிவம் கொடுத்தார்கள். முன்னிருக்கை காலியாக இருக்கும்போது பறக்கச் சம்மதம் என்று ஒரு கட்டம், சம்மதமில்லை என்று ஒரு கட்டம். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, மாரி சம்மதம் என்பதில் டிக் போட்டான்.

"இன்னிக்குத்தானா உன் காதுக்கு வலிக்கணும்?" என்றார் சங்கர்ராம். டெல்லியிலிருந்து அதிகாரிகள் வந்து இறங்கியிருந்தார்கள். ஆனாலும் அவர் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. "சரி, போய் டாக்டரைப் பாரு. அந்தக் காதை வச்சுண்டு மேலே போனா கிழிஞ்சுடும்."

கம்பெனி டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார். "உள்ளே குழப்பம் ஒண்ணும் காணலை" என்றார். மாரி தலையைக் குனிந்துகொண்டான். "பட்சே, இருபத்திரண்டு வருஷம் பறந்த ஆள் வலிக்குதுன்னு சொன்னா எனக்கு அது மதி, போதும்" என்று சொல்லிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து வராந்தாவில் நின்று மனைவி சங்கரிக்குப் போன் செய்தான். காது வலிக்கிறது, வீட்டுக்கு வருகிறேன் என்றான். போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது வெங்கிட்டு நின்றுகொண்டிருந்தார்.

வெங்கிட்டுவுக்கு ஐம்பத்தாறு வயது. விஞ்ச் பழுது பார்ப்பவர். மட்டாஞ்சேரியில் மாரியின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடும். எல்லோருக்கும் அவர் 'சாமி'. எப்போதோ ஒரு பயிற்சி முடித்து, விஞ்ச் இயக்கும் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தார். வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கத் தரையோரமாக இரண்டு சுற்று பறப்பார், அவ்வளவுதான். அன்று வேறு ஆள் இல்லை என்பதால் அவரைக் கேட்டிருந்தார்கள்.

"எனக்குப் பேடியாக்கும், பயம், கேட்டியா மாரி" என்றார் வெங்கிட்டு. சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் முகம் வெளுத்திருந்தது. "அந்தக் காலி சீட்டைப் பார்க்கவே முடியலை. ஆத்திலே கற்பகத்துக்குச் சொல்லலை. போயிட்டு வந்துடறேன்."

மாரியின் தலைக்கவசத்தை வாங்கிக்கொண்டு அவர் நடந்தார். 'நில்லுங்க சாமி' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். மாரி அவருடைய முதுகு கதவுக்குள் மறைகிற வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

வீட்டில் சங்கரி பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி வைத்திருந்தாள். ஒரு வாரமாகத் தெரு முழுக்க அவள் சொல்லி வைத்திருந்தாள், ஆள் இல்லாமல் பறக்கிற ஹெலிகாப்டரில் முதலில் ஏறப்போவது என் வீட்டுக்காரர்தான் என்று. ஊரில் இருக்கும் அக்காவுக்கும் போன் செய்து சொல்லியாகிவிட்டது. இப்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"போனாப் போகுது. காதுதான் முக்கியம். தலையைச் சாய்ங்க" என்று அவனுடைய தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வெதுவெதுப்பான எண்ணெய் நல்ல காதுக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கியது. "சுடுதா? ரொம்ப வலிக்குதா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் அவன் கண்ணை மூடிக்கொண்டு "பரவால்ல" என்றான். அவள் விரல் அவனுடைய காது மடலை நீவிவிட்டது. எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது. எண்ணெய் வழியும் என்பதால் அசையாமல் கிடந்தான்.

பதினொன்றரை மணிக்குக் கம்பெனியிலிருந்து அழைத்தார்கள். ஹெலிகாப்டர் பத்திரமாகத் திரும்பிவிட்டது. வெங்கிட்டுவின் வலது கை விரல்கள் நசுங்கிவிட்டன. எறணாகுளத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். வைப்பின் தீவுக்கு வெளியே, கடலுக்கு மேலே ஹெலிகாப்டர் போய் நின்றது. ஆள் கனத்துக்கு மணல் அடைத்து மிதவை கட்டிய பொம்மை ஒன்றை அலையில் போட்டிருந்தார்கள். வெங்கிட்டு வடத்தை இறக்கினார், கீழே படகில் இருந்தவர்கள் கொக்கியை மாட்டியதும் தூக்கினார். பாதி தூரம் வந்ததும் காற்றில் பொம்மை ஊசலாட ஆரம்பித்தது. ஊசலாடும் வடத்தைக் கையால் அணைத்து அடக்க வேண்டும். அதற்குக் கையை எப்போதும் வடத்துக்கு வெளிப்பக்கம் வைத்து உள்ளே இழுக்க வேண்டும். வடத்துக்கும் கதவு விளிம்புக்கும் நடுவே மட்டும் கை போகவே கூடாது. மாரிக்கு இது தூக்கத்தில்கூடத் தெரியும். வெங்கிட்டு பதற்றத்தில் உள்பக்கமாகக் கை கொடுத்துவிட்டார். அவ்வளவு கனமும் திரும்பி வந்து விரல்களை விளிம்பில் வைத்து அழுத்தியது. அந்தக் கையோடுதான் பொம்மையையும் உள்ளே ஏற்றியிருக்கிறார்.

மாரி ஆஸ்பத்திரிக்குப் போனபோது அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. சுண்டுவிரலையும் அதற்கு அடுத்ததையும் எடுத்துவிட்டார்கள். வெங்கிட்டு மயக்கத்தில் இருந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி கற்பகம் மாமி அவனைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நீ எதுக்கு மாரி இந்த வெயில்லே வந்தாய்? உன் காது எப்படி இருக்கு? தேவலையா?"

மாரி கையைக் காதுக்குக் கொண்டுபோனான். "தேவலை மாமி" என்றான்.

"காதை அசட்டையா விடாதே. பஞ்சு வச்சுக்கோ" என்றாள் மாமி.

ஒரு வாரம் கழித்துக் களமசேரியில் விசாரணை. பாதுகாப்புப் பிரிவைக் கவனிக்கும் மதுவந்தி மேடம் மேசையின் ஒரு பக்கம், சங்கர்ராம் மறு பக்கம். சுவரில் வீடியோ ஓடியது. ஹெலிகாப்டர் அலைக்கு மேலே ஆணி அடித்தது போல நின்றிருந்தது. அத்தனை காற்றிலும் ஒரு சாண்கூட நகரவில்லை. மாரி இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ விமானிகளோடு பறந்திருக்கிறான்; இப்படி நிறுத்தி வைத்த ஒருவரை அவன் பார்த்ததில்லை.

"மெஷின் மேலே ஒரு தப்பும் இல்லை" என்றார் சங்கர்ராம். "வெங்கிட்டுவுக்குப் பழக்கம் போறாது. வேறென்ன எழுதறது?"

மதுவந்தி மாரியைப் பார்த்தாள். "நீங்க இருந்திருந்தா கை அங்கே போயிருக்குமா?"

"போயிருக்காது மேடம்."

"அன்னிக்கு உங்களுக்கு உடம்பு சரியில்லை, இல்லையா?"

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். அறையில் மூன்று பேர்தான் இருந்தார்கள், யாரும் அவனை மிரட்டவில்லை. "ஆமா மேடம். காது" என்றான் மாரி. முதல் பொய்யைச் சொன்னபோது வாய் தானாகச் சொன்னது. இந்தப் பொய்யை யோசித்துச் சொன்னான்.

அன்று பஸ்ஸில் வைட்டிலா வரை வந்து இறங்கியவன், அடுத்த பஸ்ஸில் ஏறாமல் நின்றுகொண்டிருந்தான். நாலைந்து பஸ்கள் போயின. முன்னால் கண்ணாடிக்குள் ஒவ்வொன்றிலும் ஒரு டிரைவர் உட்கார்ந்திருந்தார், ஒருவர் கொட்டாவி விட்டார், ஒருவர் யாரையோ திட்டினார். எந்த மனிதர்களை நம்பி இத்தனை வருடம் பறந்தோமோ, அவர்கள் யாராவது இந்த இயந்திரம் நின்றது போல நின்றார்களா என்று நினைத்துப் பார்த்தான். தன் பயத்துக்கு ஒரு நியாயம் இருந்தாலாவது ஆறுதலாக இருக்கும். அதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வெங்கிட்டு வீட்டுக்குப் போனான். அவர் கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கற்பகம் மாமி காபி வைத்துவிட்டு உள்ளே போனதும், மாரி டம்ளரைத் தொடாமல் சொன்னான்.

"சாமி, எனக்கு அன்னிக்குக் காது வலிக்கலை."

வெங்கிட்டு டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "தெரியும்" என்றார்.

மாரி நிமிர்ந்து பார்த்தான்.

"வலது காது வலின்னு டாக்டர்கிட்டே சீட்டு வாங்கிண்டு வந்தாய். வந்து நின்னு, வலது காதிலேயே போனை அமுக்கி வச்சுண்டு சங்கரிகிட்டே பேசறாய். நான் பின்னாலே நின்னு பார்த்துண்டு தானே இருந்தேன். ஜுரம்னாவது சொல்லப்படாதோ?"

"தெரிஞ்சும் எதுக்கு சாமி போனீங்க? என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாமே."

"கொடுத்திருந்தா உன்னைப் பிடிச்சு ஏத்தியிருப்பா. பொய் சொல்ற அளவுக்குப் பேடிச்சவன் கதவாண்டை மண்டி போட்டா என்ன ஆகும்? விரலோட போயிருக்காது." கட்டுப்போட்ட கையைத் தலையணையில் நகர்த்தி வைத்துக்கொண்டார். "பெரிய தியாகம்னு ஒண்ணும் நினைச்சுக்காதே. ரெண்டு விரல் போகும்னு தெரிஞ்சிருந்தா எனக்கும் காது வலிச்சிருக்கும்."

மாரிக்கு அழுகை வந்தது. வெங்கிட்டு அவனைத் தேற்றவில்லை. குரல் கொஞ்சம் கடுமையானது.

"ஆனா விசாரணையிலே மறுபடியும் காதுன்னே சொன்னாயாமே. அது எனக்குப் பிடிக்கலை. முப்பது வருஷமா அந்த விஞ்சைக் கழட்டி மாட்டறவன் நான். 'பழக்கம் போறாது'ன்னு என் பேருக்கு நேரே எழுதப் போறா. பயந்தது நீ, எழுத்து என் தலையிலேயா?"

மாரி வீட்டுக்கு வந்து மேசை முன் உட்கார்ந்தான். ஆபீஸுக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் 'பயம்' என்பதற்குப் பதில் வேறு நல்ல சொல் ஏதாவது கிடைத்துவிடும் என்று தோன்றியது. பள்ளியில் படித்த மலையாளத்தில் எழுதினான். ஒன்றரைப் பக்கம் வந்தது. பேடிச்சு என்ற சொல் நான்கு இடத்தில் வந்தது. எதையும் அடிக்கவில்லை.

திங்கட்கிழமை மதுவந்தியின் அறையில் சங்கர்ராமும் இருந்தார். மதுவந்தி படித்து முடித்து, தாளை அவரிடம் நீட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார். முகம் சிவந்தது.

"என்கிட்டே வந்து, சாரே, என்னாலே முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாரி. உன்னை நான் திட்டியிருப்பேனா?"

"திட்டியிருக்க மாட்டீங்க சாரே. அதான் சொல்ல முடியலை."

சங்கர்ராம் தாளை மேசை மேல் வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "இதை ஃபைல்லே வச்சா என்ன ஆகும் தெரியுமா? இருபத்திரண்டு வருஷம் பழகினவனே பயந்துட்டான்னு டெல்லி வரைக்கும் போகும். அப்புறம் இதுலே யார் ஏறுவா? நடந்தது நடந்தாச்சு. காது வலி காது வலியாவே இருந்துட்டுப் போகட்டுமே."

மாரிக்கு அந்த வழி எவ்வளவு சுலபமாகத் திறந்திருந்தது என்பது தெரிந்தது. தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டு போய்விடலாம். அவர்களே அதைத்தான் விரும்புகிறார்கள். அவனுடைய கை மேசை வரைகூடப் போனது.

"வேண்டாம் சாரே. அது அங்கேயே இருக்கட்டும். வெங்கிட்டு சாமி பேருக்கு நேரே எழுதினதை மட்டும் மாத்திடுங்க."

மதுவந்தி அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வைத்தாள். சம்மதப் படிவங்கள். "பதினாலு பேர்" என்றாள். "ஒருத்தர்கூட 'சம்மதமில்லை'ங்கற கட்டத்தைத் தொடலை. யாருக்கும் பயம் இல்லைன்னு நானும் சந்தோஷமா மேலே எழுதி அனுப்பினேன். எல்லாரும் பார்க்க நடுக்கூடத்திலே வச்சு டிக் போடச் சொன்னது நான்தான்." பிறகு சங்கர்ராமைப் பார்த்து, "கடுதாசி ஃபைல்லே போகும் சார்" என்றாள்.

அறிக்கையில் அந்த வரி மாறியது. பழக்கமான ஆள் காரணத்தை மறைத்து விலகியதால், கடைசி நேரத்தில் வேறொருவரை அனுப்ப நேர்ந்தது என்று எழுதினார்கள். பெயரும் போட்டார்கள். மாரியைப் பறக்கும் குழுவிலிருந்து எடுத்துவிட்டு, தரையில் வடங்களைச் சோதிக்கிற வேலையில் போட்டார்கள். சங்கர்ராம் அவனோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். ஹெலிகாப்டரின் சோதனை நிற்கவில்லை. அடுத்த மாதமே முன்னிருக்கை காலியாக அது மறுபடியும் கடலுக்குப் போனது. பின்னால் கோவாவிலிருந்து வந்த புது ஆள் இருந்தான். அந்த முறை ஒன்றும் ஆகவில்லை. மாரி கீழே நின்று, அது தென்னைகளுக்கு மேலே ஏறித் திரும்புவதைப் பார்த்தான். அவனுக்கு இப்போதும் பயமாகத்தான் இருந்தது.

சங்கரியிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. கடிதம் கொடுத்த அன்றே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து, மூன்று நாள் தள்ளிப் போட்டான். கடைசியில் ஒரு சாயங்காலம், அவள் கப்பைக் கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னான். அவள் கத்தியைக் கீழே வைக்காமல் முழுக்கக் கேட்டாள்.

"அப்ப அன்னிக்கு நான் எண்ணெய் ஊத்தினது?"

அவன் தரையில் கிடந்த கிழங்குத் தோலைப் பொறுக்கிக் குவித்தான்.

"வலிக்குதா வலிக்குதான்னு நான் கேட்டுக்கிட்டே இருந்தேனேங்க." அவளுக்குக் கோபத்தைவிட அதுதான் தாங்கவில்லை போலிருந்தது. "ஊருக்குப் பயந்து பொய் சொன்னீங்க, சரி. வீட்டுக்குள்ள வந்து என்கிட்டயாவது, பயமா இருந்துச்சுடின்னு சொல்லியிருக்கலாம்ல?"

"உன்கிட்ட சொல்றதுக்குத்தான் ரொம்ப வெக்கமா இருந்துச்சு. நீதான் தெருவெல்லாம் சொல்லி வச்சிருந்தியே."

"ஓ. அப்ப தப்பு என் மேலயா?"

"இல்ல. இல்ல சங்கரி. அப்படிச் சொல்ல வரலை."

அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை ஒரு தூக்குவாளியில் எதையோ நிரப்பி எடுத்துக்கொண்டு கற்பகம் மாமி வீட்டுக்குப் போனாள். நெடுநேரம் கழித்துக் கண் வீங்கித் திரும்பி வந்தாள். "செவ்வாயும் வெள்ளியும் சாமிக்குக் கட்டு மாத்தணுமாம். நீங்க கூடப் போய்ட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அப்படித்தான் செவ்வாயும் வெள்ளியும் அவர்கள் இருவரும் மட்டாஞ்சேரி படகுத்துறையில் எறணாகுளம் படகுக்காக நிற்க ஆரம்பித்தார்கள். வெங்கிட்டு அதிகம் பேசமாட்டார். மழையில் குடையை மாரி பிடிப்பான். பழைய நட்பு அப்படியே திரும்பி வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. மாரி ஏதாவது சொல்லும்போது, அதை நம்பலாமா என்று பார்ப்பது போல அவர் ஒரு நொடி தாமதித்துத்தான் பதில் சொல்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை டிக்கெட் வரிசையில், பஜாரில் இஞ்சிக் கடை வைத்திருக்கும் ரமேஷ்பாபு அவர்களைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார். சங்கரி முன்பு யாரிடமெல்லாம் பெருமையடித்தாளோ, அவர்களில் அவரும் ஒருவர். விஷயம் முழுதாக அவருக்கு எட்டவில்லை.

"மாரிச் சேட்டா! ஆள் இல்லாத ஹெலிகாப்டர்ல நீங்கதான் முதல்ல போனீங்களாமே? எப்படி இருந்துச்சு? பயமா இல்லையா?"

வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாரிக்கு முகம் சுட்டது. சிரித்து மழுப்பிவிட்டு டிக்கெட் வாங்கப் போய்விடலாம்.

"நான் போகலை" என்றான். குரல் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "எனக்குப் பயம். காது வலின்னு பொய் சொல்லிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். என் இடத்துல போனது இவரு, வெங்கிட்டு சாமி. கை போனதும் அதுலதான்."

ரமேஷ்பாபு ஆட்டிய கையை இறக்கினார். கட்டுப்போட்ட கையைப் பார்த்தார், மாரியைப் பார்த்தார், "ஓ... அப்படியா" என்று சொல்லிவிட்டுத் தன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். பின்னால் யாரோ மெல்லச் சிரித்த சத்தம் கேட்டது. மாரி திரும்பிப் பார்க்கவில்லை.

வெங்கிட்டு காயலில் படகு வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். படகு வந்து துறையில் மோதி நின்றது. ஏறும்போது பலகை ஈரமாக இருந்தது. வெங்கிட்டு ஒரு கணம் தயங்கினார், பிறகு நல்ல கையை எடுத்து மாரியின் தோளில் ஊன்றிக்கொண்டார்.

"மெதுவா நட" என்றார். "இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி."